புதுச்சேரி தந்த மரப்பட்டை

தாயகம் விட்டு நெடுங்காலம் அயல்நாட்டில் வாழ்வோர்க்கு மருந்தும் ஒரு வழித்துணை. கப்பல்களின் காலத்தில் அது தீர்ந்துபோனால், அடுத்த கலம் வரும்வரை காத்திருப்பதே கதி.

1693-ஆம் ஆண்டு சீனப் பேரரசர் காங்சி முறைக்காய்ச்சலால் வாடினார். அதைத் தீர்க்கவல்ல சிங்கோனா மரப்பட்டையோ தென் அமெரிக்காவில் விளைவது. ஐரோப்பியர் அதனை 'இயேசு சபையார் பட்டை' என்றனர். அவ்வேளையில் பீகிங் வந்துசேர்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் ஃபோந்தனே, விஸ்தலு ஆகியோரிடம் அப்பட்டை ஒரு பவுண்டு இருந்தது. தொலைவில் உழைக்கும் தம் சகோதரரை நினைந்து, புதுச்சேரியிலிருந்து அருட்தந்தை தொலு அனுப்பிவைத்தது அது.

அரசவையினர் அதனை எளிதில் நம்பவில்லை. முதலில் நோயாளிகளுக்கும், பின்னர் உயர்குடியினர் நால்வருக்கும் கொடுத்துச் சோதித்தனர். அதன் பின்னரே பேரரசர் அருந்தி நலமடைந்தார். நன்றியாக, மதில் சூழ்ந்த அரச நகருக்குள் குருக்களுக்கு ஓர் இல்லம் அளித்தார். அங்கு எழுந்த ஆலயம் 1703-இல் திறக்கப்பட்டது.

பேரரசரை வரலாறு மறவாது. பொட்டலம் கட்டிய கைகளை நாம் மறவாதிருப்போம். கடல் கடந்து வாழும் நம் உறவினரிடம், "மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது?" என்று கேட்பதும் அன்பின் பணியே.