தாய்ப்பலகையின் நோட்டம்

பொன்னுக்கு உரைகல் உண்டு. மணிக்கு நோட்டம் பார்ப்போர் உண்டு. கணிப்பொறியின் உள்ளே கிடக்கும் தாய்ப்பலகைக்கு நோட்டம் பார்க்கும் வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பது பலரும் எண்ணிப் பாராத வரலாறு. செயலி, நினைவகச் சில்லு, மின்தேக்கி முதலியவற்றைத் தாங்கிச் செப்புக் கோடுகளால் பிணைத்து நிற்பது அப்பலகை. அதனை விலை கொடுத்து வாங்கும் பள்ளிக்கூடமோ சிறு கடைக்காரரோ சோதனைக் கருவி உடையவர் அல்லர். அவர்க்கு வாய்த்தவை இரண்டு கண்களே.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கின்டாஷ் கணிப்பொறியின் பலகை உருவாகிக்கொண்டிருந்தது. வகுத்தவர் பரல் ஸ்மித் என்னும் இளைஞர். ஸ்டீவ் ஜாப்ஸ் அதன் அமைப்பை நோக்கி, நினைவகச் சில்லுகள் நிற்கும் பகுதி அழகாக இல்லை, கோடுகள் மிக நெருங்கியுள்ளன என்று குறை கூறினார். பெட்டிக்குள் மூடிக் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று பொறியாளர் ஒருவர் வினவினார். யார் கண்ணிலும் படாது என்பதற்காக நல்ல தச்சன் அலமாரியின் முதுகுக்கு மட்டமான மரத்தைப் போடமாட்டான் என்பது ஜாப்ஸ் தந்த விடை. 5,000 டாலர் செலவில் அவர் விரும்பியவாறே சில பலகைகள் செய்யப்பட்டன. அவை சரிவர இயங்கவில்லை. பழைய அமைப்பே மீண்டும் வந்தது. இச்செய்தியை அக்குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதிவைத்துள்ளார். ஜாப்ஸின் கொள்கை உயர்ந்ததுதான். ஆயினும் மரத்திற்குப் பொருந்தும் அழகு மின்சாரத்திற்குப் பொருந்தியாக வேண்டும் என்னும் நியதி இல்லை.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பிற்காலத்துப் பலகைகளில் செயலிக்கும் நினைவகத்திற்கும் இடையே ஓடும் கோடுகள் சில நேராகச் செல்லாமல் பாம்பு போல் நெளிந்து நெளிந்து செல்வதைக் காணலாம். அறியாதார் அதனை வீண் சுற்று என்பர். உண்மையில், ஒருங்கே புறப்படும் குறிகைகள் ஒருங்கே சென்று சேர வேண்டும் என்பதற்காகக் குட்டைக் கோட்டை வேண்டுமென்றே நீட்டியிருக்கிறார்கள். அன்றியும் பலகை ஓரடுக்கு உடையதன்று. நான்கு, ஆறு என அடுக்குகள் உண்டு. கண் காண்பது மேலும் கீழும் உள்ள இரண்டை மட்டுமே.

இடவமைப்பின் நன்மை கண்ணுக்கே புலப்படுமாறு வந்தது, 1995இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ் என்னும் அளவுமுறை. அதற்கு முந்திய பலகைகள் பலவற்றில் செயலி விரிவாக்க அட்டைகளின் பாதையிலேயே நின்றது. நீண்ட அட்டையைச் செருக முயன்றால் செயலியின் மேல் இடித்தது. புதிய முறையில் செயலி விலகி நின்றது. இணைப்புத் துளைகள் பின்புறத்தில் ஓரிடத்தில் கூடின.

ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு பெரும் மோசடியும் நடந்தது. 486 வகைச் செயலிக்குரிய பலகைகளில் செயலியின் வேகத்தைக் கூட்டும் இடைநினைவகச் சில்லுகள் வரிசையாக இருத்தல் வேண்டும். மலிவுப் பலகைகள் சிலவற்றில் அச்சில்லுகள் இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. கறுத்த பிளாஸ்டிக் துண்டுக்குக் கால் வைத்து, எண் அச்சிட்டு, பலகையில் பற்றவைத்திருந்தனர். பொறியைத் தொடங்கும்போது இடைநினைவகம் உள்ளதென்று திரையில் காட்டுமாறு தொடக்க நிரலையும் திருத்தியிருந்தனர். அட்டையில் நூற்பெயரை அச்சிட்டு உள்ளே வெற்றுத்தாளைக் கட்டி விற்றது போன்ற செயல் அது. வேகத்தை அளக்கும் நிரலை ஓட்டிப் பார்த்தவர்களே குட்டை உடைத்தனர்.

கண்ணுக்கு மெய்யான வேலை வந்தது 2002இல். பலகைகள் ஓரிரு ஆண்டுகளிலேயே நின்றுபோயின. திறந்து பார்த்தபோது, செயலியைச் சுற்றி நிற்கும் உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை புடைத்திருந்தது. சிலவற்றின் உச்சி பிளந்து பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தது. காரணத்தை அறிய மின்தேக்கியின் உட்புறத்தை அறிதல் வேண்டும். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கிடையே மின்கடத்தும் நீர்மத்தில் தோய்த்த தாளை வைத்துச் சுருட்டி, அலுமினியக் குப்பிக்குள் அடைத்து, அடியை ரப்பரால் மூடியிருப்பார்கள். அந்நீர்மத்தில் நீரின் பங்கு மிகுந்து, அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் குறைந்தால், நீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். வாயு குப்பியைப் புடைக்கச் செய்யும். வெடிப்பதற்கு மாறாகப் பிளக்கட்டும் என்றே உச்சியில் சிலுவை போன்ற கீறல் இட்டிருப்பர். பழைய பலகை கைக்குக் கிடைத்தால் அக்கீறலை மாணாக்கர்க்குக் காட்டலாம். அறிவியல் பாடத்திற்கு அதனினும் எளிய பொருள் கிடைப்பது அரிது.

இதன் பின்னரே பலகையை வாங்குவோர் மின்தேக்கியின் உறையை உற்று நோக்கலாயினர். 85 பாகை செல்சியசு என்று அச்சிட்டதா, 105 பாகையா? செய்தவர் யார்? சூடு கக்கும் உலோகத் தகட்டை ஒட்டி நிற்கிறதா, விலகி நிற்கிறதா? இக்கேள்விகளுள் கடைசியானதே மிகச் சிறந்தது. ஏனெனில் வெப்பம் 10 பாகை குறைந்தால் இவ்வகை மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். நல்ல பண்டமும் தீய இடத்தில் நின்றால் விரைவில் வற்றும்.

ஜப்பானிய மின்தேக்கியாயின் அஞ்ச வேண்டா என்னும் விதியும் அப்போது பரவிற்று. அவ்விதி முழுமையானதன்று. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பிய கணிப்பொறிகளுள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் பழுதாகும் நிலையில் இருந்தவை என்பது 2010இல் வழக்கு ஆவணங்களால் வெளிப்பட்டது. அப்பழுதுக்குக் காரணமானவை பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் மின்தேக்கிகள். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத்துறையின் பொறிகள் கெட்டபோது, கடினமான கணக்குகளைப் போடவைத்து அவற்றை வருத்தியதே காரணம் என்று நிறுவனம் விடையளித்ததாம். கணிதத்துறை வேறு எதைப் போடும்?

நோட்டம் பார்ப்போர் எதை நோக்குகின்றனர் என்பதை விற்போரும் கற்றுக்கொண்டனர். 2007ஐ ஒட்டி, நீர்மம் இல்லாத திண்ம மின்தேக்கிகள் பலகைகளில் பரவின. பெட்டியின் மேல் அதுவே விளம்பரமாயிற்று. திண்ம மின்தேக்கி மெய்யாகவே நெடுநாள் உழைப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் பச்சைப் பலகை கறுப்பாயிற்று. சில பலகைகளில் சூட்டைத் தணிக்கும் தகட்டின் இடத்தில் வெறும் அணிகலனும் ஏறிற்று. கறுப்பு என்பது மேற்பூச்சின் நிறம். செப்பின் தரத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

திண்ம மின்தேக்கியால் பழைய நோட்டகர்க்கு ஓர் இழப்பும் நேர்ந்தது. அதன் உச்சியில் பெரும்பாலும் கீறல் இல்லை; கெடும்போது புடைப்பதும் கசிவதும் அரிது. பலகை நின்றுவிட்ட பின்னும் அது புதியது போலவே பளபளக்கும். ஒவ்வொன்றாகக் கருவி கொண்டு அளந்தே கெட்டதைக் கண்டறிய வேண்டியிருக்கிறது.