கேடயச் சுரப்பி

கேடயச் சுரப்பி அல்லது தைராய்டு சுரப்பி என்பது கழுத்தின் முன்பகுதியில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயைத் தழுவியவாறு அமைந்துள்ள நாளமில்லாச் சுரப்பி ஆகும். வண்ணத்துப்பூச்சி வடிவிலான இச்சுரப்பியில் இரு மடல்களும் அவற்றை இணைக்கும் குறுகிய பகுதியும் உள்ளன. வளர்ந்தவர்களில் இதன் எடை ஏறத்தாழ 15 முதல் 25 கிராம் வரை இருக்கும். அளவில் சிறியதாயினும், உடலின் வளர்சிதைமாற்ற வேகம், இதயத் துடிப்பு, உடல் வெப்பம், குழந்தைகளின் மூளை வளர்ச்சி ஆகியன இதன் சுரப்புகளைச் சார்ந்துள்ளன.

இயங்கும் முறை

இச்சுரப்பி எண்ணற்ற நுண்குமிழ்களால் ஆனது. குமிழ்களைச் சூழ்ந்துள்ள உயிரணுக்கள் இரத்தத்திலுள்ள அயோடினைக் கவர்ந்து, தைரோகுளோபுலின் என்னும் புரதத்துடன் இணைத்து இரு இயக்குநீர்களை உருவாக்குகின்றன. நான்கு அயோடின் அணுக்களைக் கொண்டது தைராக்சின் (டி4). மூன்று அணுக்களைக் கொண்டது மூவயோடோதைரோனின் (டி3). சுரப்பி பெரும்பாலும் டி4 ஐயே வெளியிடுகிறது. கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் அதிலிருந்து ஓர் அயோடின் அணு நீக்கப்பட, செயலாற்றல் மிகுந்த டி3 தோன்றுகிறது.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் இயக்குநீரை (டிஎஸ்எச்) வெளியிட்டு இச்சுரப்பியைக் கட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் டி3, டி4 அளவு குறையும்போது டிஎஸ்எச் கூடுகிறது. அவை மிகும்போது டிஎஸ்எச் குறைகிறது. இதனாலேயே சுரப்பி நலிவுற்றவரின் இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் பொதுவாக உயர்ந்து காணப்படும்.

பொதுவான நோய்கள்

குறை சுரப்பு: சோர்வு, உடல் எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, மாதவிடாய்க் கோளாறு ஆகியன இதன் அறிகுறிகள். இவை மெல்ல மெல்லத் தோன்றுவதால் முதுமை அல்லது வேலைப் பளுவின் விளைவாகத் தவறாகக் கருதப்படுவதுண்டு. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. ஜப்பானிய மருத்துவர் ஹகரு ஹஷிமோட்டோ 1912 இல் இதனை விவரித்தார். லெவோதைராக்சின் மாத்திரையே மருந்து. இதனைக் காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்வது வழக்கம். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் இதன் உறிஞ்சலைத் தடுப்பதால் அவற்றைச் சில மணி நேரம் கழித்தே உட்கொள்ள வேண்டும்.

மிகை சுரப்பு: எடை குறைதல், படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை ஆகியன தோன்றும். கிரேவ்ஸ் நோயில் விழிகள் பிதுங்குவதும் உண்டு. சுரப்பைக் குறைக்கும் மருந்துகள், கதிரியக்க அயோடின், அறுவை மருத்துவம் ஆகியன சிகிச்சை முறைகளாகும்.

கழலை: சுரப்பி வீங்கிப் பெருத்தல் கழலை எனப்படும். அயோடின் குறைபாடு இதன் முக்கிய காரணம். எனினும் குறை சுரப்பு, மிகை சுரப்பு இரண்டிலும் கழலை தோன்றலாம். சுரப்பியில் உண்டாகும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை.

பிறவிக் குறைபாடு

சில குழந்தைகள் இச்சுரப்பி இன்றியோ, செயல் குன்றிய சுரப்பியுடனோ பிறக்கின்றன. கருவிலிருக்கும்போது தாயின் தைராக்சின் ஓரளவு கிடைப்பதால், பிறந்தவுடன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் புலப்படுவதில்லை. அறிகுறிகள் தெளிவாகும் வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி மீளாத பாதிப்புக்கு உள்ளாகலாம். பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுக்கப்படும் சில துளி இரத்தத்தைக் கொண்டு இக்குறைபாட்டைக் கண்டறியலாம். முதல் இரு வாரங்களுக்குள் மருந்து தொடங்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இயல்பான அறிவு வளர்ச்சி பெறுகின்றனர். கருவுற்ற பெண்களின் குறை சுரப்பும் கருவைப் பாதிக்கக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.

அயோடின் உப்பு

உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடினும், கருவுற்ற பெண்களுக்கு 250 மைக்ரோகிராமும் தேவை. மலைப்பகுதிகளில் மழையும் பனியும் மண்ணிலுள்ள அயோடினை அரித்துச் செல்வதால் இமயமலை அடிவாரத்தில் கழலை பரவலாக இருந்தது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்ட பகுதிகளில் கழலை கணிசமாகக் குறைந்தது. இதன் அடிப்படையில் 1962 இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது.