கறளும் காலமும்: யாழ்ப்பாணத்துப் பழைய கார்களின் அடிப்பாகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுச் சான்று என்றதும் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே மாணவர் நினைவில் எழுகின்றன. ஆயின் அண்மைக்காலப் பொருளாதார வாழ்வை ஆராய்வோர்க்குப் பழைய காரொன்றின் அடிப்பாகமும் சான்றாகலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரைநூற்றாண்டு கடந்தும் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை அவ்வகையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கருதத்தக்கது இயற்கைச் சூழல். புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. புத்தூரிலிருந்து மீசாலை செல்லும் வீதி உப்பாறு நீரேரியைக் கடந்தே தென்மராட்சியை அடைகின்றது. நீரும் ஒட்சிசனும் கூடினாலே இரும்பு கறள் பிடிக்கும். உப்புக் கரைந்த நீர் மின்னை நன்கு கடத்துமாதலின் அம்மாற்றம் மேலும் விரைவுறும். சில்லின் மேல்வளைவில் ஒட்டிக்கொள்ளும் ஈரமண் அதற்குத் துணைபோகின்றது. கறள் தான் தின்ற இரும்பிலும் கூடிய இடத்தை அடைப்பதால், பொருந்தியிருந்த தகடுகள் பிளவுறுகின்றன.

இரண்டாவது, வாகனத்தின் அமைப்பு. ஒஸ்ரின் ஏ40 வகையில் 1947இல் வந்த டெவனும் 1952இல் வந்த சோமசெற்றும் தனியான அடிச்சட்டம் உடையவை. மேற்கூட்டின் தகடு இற்றாலும் சட்டம் பாரத்தைத் தாங்கும். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலோ கூடும் சட்டமும் ஒன்றே. தளத்தகடும் கதவுகளின் கீழுள்ள பெட்டிவடிவ விளிம்பும் அதன் எலும்புகள். விளையாட்டுக் கார்களிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. 1955இன் எம்.ஜி.ஏ தனிச்சட்டம் உடையது, 1962இன் எம்.ஜி.பி அஃதற்றது. இப்புதிய அமைப்பில் கறள் அழகுக் குறைபாடன்று. உயிர் பற்றிய வினா.

மூன்றாவது, அரசியற் பொருளாதாரம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இலேயே பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. புதியது பெற வழியில்லாதபோது பழையதன் அடித்தகட்டை வெட்டி, வேறு தகட்டை வளைத்து ஒட்டுவதன்றி வேறு வழி யாது? கராஜ்களில் தகரவேலை செய்தோர் கார்களை மட்டுமன்றி, நோயாளரின் பயணத்தையும் வாடகைக் கார் ஓட்டியோரின் பிழைப்பையும் காத்தனர்.

எனினும் ஒட்டுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வாங்குவோர் மேற்பூச்சை நோக்கி மயங்காது காரின் கீழே குனிந்து பார்த்தல் வேண்டும். சுத்தியலின் பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென ஒலிக்கும். இற்ற தகடு மந்தமாய் ஒலிக்கும். காந்தம் பற்றாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பசை நிரப்பப்பட்டிருக்கலாம். வில்லுத் தகடுகள் கூட்டோடு இணையும் இடங்களையும், பெட்டிவடிவ விளிம்பின் நீர்வடி துளைகளையும் சோதித்தல் இன்றியமையாதது. துளை அடைபட்டால் கறள் உள்ளிருந்தே வளரும். யக்கினால் உயர்த்தும்போது கதவு இறுகினால் எலும்பு தளர்ந்துவிட்டதென ஐயுறலாம். விற்பனைக்குச் சற்றுமுன் பூசப்பட்ட புதிய தாரும் ஐயத்துக்குரியதே. நல்ல இரும்போடு நல்ல இரும்பை இணைத்த ஒட்டு உழைப்பு. இற்றதை மூடிய ஒட்டு ஏமாற்று.

வரலாற்று மாணவர்க்கும் இவ்வேறுபாடே அளவுகோல். பழைய கார்களை மீளமைப்போர் ஒட்டுகளை அகற்றி முதல் வடிவத்தை நாடுகின்றனர். பாதுகாப்புக்கு அது வேண்டியதே. ஆனால் அகற்றப்படும் தகட்டோடு ஒரு காலத்தின் சான்றும் பழைய இரும்புக் குவியலைச் சேர்கின்றது. இறக்குமதிச் சட்டங்கள் வர்த்தமானியில் உள்ளன. அச்சட்டங்களின் கீழ் வாழ்ந்த தொழிலாளியின் கைவினை அந்த ஒட்டுகளிலேயே உள்ளது. வெட்டுமுன் அவற்றைப் படம்பிடித்து, ஒட்டியவர் உயிரோடிருப்பின் அவர் வாய்மொழியையும் பதிவு செய்தல் நம் தலைமுறையின் கடமையாகும். அப்பணிக்குப் பெருநிதி வேண்டியதில்லை. காரின் கீழே குனியும் மனமிருந்தால் போதும்.