பூவுக்குள் ஓர் உறவுமுறை

சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் கார்ல் லின்னேயஸ், 1735ஆம் ஆண்டு 'சிஸ்டமா நேச்சுரே' என்னும் நூலில் செடிகொடிகளை 24 வகுப்புகளாகப் பகுத்தார். அப்பகுப்பிற்கு அவர் கொண்ட அளவுகோல் மலரின் மகரந்தத்தாள்.

ஒரு தாள் உடையது மோனாண்ட்ரியா. இரண்டு உடையது டையாண்ட்ரியா. நம் காந்தளைப் போல் ஆறு உடையது ஹெக்சாண்ட்ரியா. கிரேக்க மொழியில் இவை 'ஓர் ஆடவன்', 'ஈராடவர்', 'ஆறு ஆடவர்' எனப் பொருள்படும். மகரந்தத்தாளைக் கணவனாகவும் சூலகத்தை மனைவியாகவும் உருவகித்தே அவர் பெயரிட்டார். பருத்தியிலும் பூவரசிலும் தாள்களெல்லாம் ஒரே குழலாக இணைந்திருக்கும். அது மோனடெல்பியா, அதாவது ஓர் உடன்பிறப்புக் கூட்டம். அவரையில் ஒன்பது கூடி நிற்க ஒன்று தனித்து நிற்கும். அது டயடெல்பியா, இரு கூட்டம். மலர் காட்டாத பெரணியும் பாசியும் கிரிப்டோகேமியா, அதாவது மறைமணம். அகப்பொருள் கற்றோர் இதனைக் களவு என்று கூறி மகிழலாம்.

ஆயினும் எல்லோரும் மகிழவில்லை. 1737இல் சீகஸ்பெக் என்பார் இம்முறை ஒழுக்கக்கேடானது எனக் கடுமையாகச் சாடினார். மாறாக, இங்கிலாந்தின் மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் 1789இல் இதனையே பொருளாக்கி 'தாவரங்களின் காதல்' என்னும் நெடுங்கவிதை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரான்சின் ஜுஸ்ஸியூ, பல பண்புகளை ஒருங்கே நோக்கித் தாவரக் குடும்பங்களை வகுத்து நூல் செய்தார். எண்ணிக்கை முறையின் குறை அதன்பின் தெளிவாயிற்று. துளசியும் சால்வியாவும் ஒரே குடும்பம். தாள் நான்கு, இரண்டு என வேறுபட்டமையால் லின்னேயஸ் முறையில் அவை பிரிந்து கிடந்தன. தம் முறை செயற்கையானதே என்பதை லின்னேயசும் உணர்ந்திருந்தார்.

எனினும் எண்ணத் தெரிந்த எவரும் பூவை அறியலாம் என்னும் எளிமையே அதனைக் கடல் கடத்தியது. அவருடைய மாணவர் கோனிக் 1768இல் தரங்கம்பாடி வந்து, சோழமண்டலக் கரையின் செடிகளை ஆராய்ந்தார். பின்னர் 1776இல் அங்கு வந்த ராட்லர் செடிகளையும் திரட்டினார், தமிழ்ச் சொற்களையும் திரட்டினார். அவரது தமிழ்–ஆங்கில அகராதி 1834 முதல் வெளிவந்தது.

இன்றைய தமிழ்ப் பாடநூல்கள் மோனடெல்பியாவை 'ஒருகற்றை' என்றும் டயடெல்பியாவை 'இருகற்றை' என்றும் வழங்குகின்றன. தெளிவான, பிழையற்ற சொற்களே அவை. ஆனால் அவரைப்பூவில் ஒன்பதின்மரைப் பிரிந்து நிற்கும் அந்த ஒருவன், கற்றை என்ற சொல்லில் உடன்பிறந்தானாக இல்லை. அவனுக்குப் பெயர் தருவது இனிக் கவிஞர் கடன்.