எண்ணும் எண்ணிக்கையும்
(பட்டாளத்து முன்னோர் மறவாத இலக்கங்கள்)

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்காகச் செய்தி திரட்டும் பணியில், தியாகராய நகரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழும் நம் சமுதாயத்து முதியோர் சிலரைக் கண்டு உரையாடினோம். அவர்களுள் படைப்பணி புரிந்து ஓய்வு பெற்றோரும் இருந்தனர். 1965-ஆம் ஆண்டுப் போரையும் 1971-ஆம் ஆண்டுப் போரையும் கண்டவர்கள் அவர்கள். பிறந்த தேதியைக் கேட்டபோது, "பள்ளிக்கூடத்தில் எழுதிய தேதியா, உண்மையான தேதியா?" என்று திருப்பிக் கேட்டனர். திருமணம் நடந்த ஆண்டைக் கேட்டபோது இல்லத்தரசியாரின் முகத்தை நோக்கினர். ஆனால், "ஐயா, பட்டாளத்தில் உங்கள் நம்பர் என்ன?" என்று கேட்டவுடன் வளைந்திருந்த முதுகுகள் நிமிர்ந்தன. இலக்கங்கள் அனைத்தும் ஒரே மூச்சில், ஒன்றும் பிசகாமல் வந்தன. எண்ணைத் தொடர்ந்து பதவி, பதவியைத் தொடர்ந்து பெயர் என, அணிவகுப்பில் நின்று சொல்லும் அதே வரிசையில் அவர்கள் சொன்னார்கள்.

ஐம்பது ஆண்டுகள் கடந்தும் மறவாத இந்த இலக்கங்களுக்குப் பின்னே நம் சமுதாயத்தின் வரலாறு ஒன்று உள்ளது. அதனை நம் இளைஞர்கள் அறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் மனத்தில் பதிந்தது எப்படி?

படையில் சேரும் ஒருவனுக்கு முதன்முதலாகக் கிடைப்பது துப்பாக்கி அன்று, எண்ணே ஆகும். அவனுடைய பெட்டியிலும் போர்வையிலும் அந்த எண் எழுதப்படுகிறது. சம்பள நாளில் மேசையின் முன் நின்று வணக்கம் செலுத்தி, எண்ணைச் சொன்ன பிறகே பணம் கைக்கு வரும். விடுப்புச் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு, வீட்டிலிருந்து வரும் கடிதத்தின் முகவரி ஆகிய அனைத்திலும் எண் இருந்தாக வேண்டும். ஒரே கம்பெனியில் மூன்று முனுசாமிகளும் நான்கு ஆறுமுகங்களும் இருப்பது இயல்பு. அவர்களைப் பிரித்து அழைக்க எண்ணின் கடைசி இலக்கங்களே பயன்பட்டன. இவ்வாறு நாள்தோறும் சொல்லியும் எழுதியும் வந்த எண், தாய் வைத்த பெயரைப்போலவே மனத்தில் ஊன்றிவிட்டது.

வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனக்கெனத் தனி எண்வரிசையை வைத்திருந்தது. ஆகவே ஒரே எண்ணை வெவ்வேறு படைப்பிரிவுகளில் வெவ்வேறு வீரர்கள் தாங்கியிருக்கக்கூடும். நாடு விடுதலை பெற்ற பின்னர், எண்ணின் தொடக்க இலக்கங்களைக் கொண்டே வீரர் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்று அறியும் முறை பெருமளவில் வழக்கிற்கு வந்தது. 1965-இல் வீரமரணம் எய்திப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதின் எண் 26 என்று தொடங்குகிறது. 1999-இல் கார்கில் போரில் அதே விருதைப் பெற்ற யோகேந்திர சிங் யாதவின் எண் 2690572. இருவரும் கிரனேடியர்ஸ் படைப்பிரிவினர். இரு எண்களும் 26 என்றே தொடங்குவதைக் காணலாம். இளநிலை ஆணை பெற்ற அதிகாரிகளின் எண் 'ஜே.சி.' என்ற எழுத்துகளோடும், ஆணை பெற்ற அதிகாரிகளின் எண் பெரும்பாலும் 'ஐ.சி.' என்ற எழுத்துகளோடும் தொடங்கும். விருதினை அறிவிக்கும் அரசிதழிலும் எண்ணே முதலில் வரும். பெயர் அதன் பின்னரே வரும்.

பட்டாளத்தில் நம் முன்னோர்

கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைப் படையில் நம் முன்னோர் பெருமளவில் பணியாற்றினர். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் சென்னையில் தோற்றுவிக்கப்பட்ட இரண்டு பயனியர் கம்பெனிகளே, பின்னர் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்னும் புகழ்பெற்ற பொறிப்படையாக வளர்ந்தன. பாலம் அமைத்தல், சாலை போடுதல், சுரங்கம் தோண்டுதல், கோட்டைச் சுவரைத் தகர்த்தல் ஆகியவை இப்படையின் பணிகள். மற்றவர் முன்னேறுவதற்கு வழி அமைப்பவர் அனைவருக்கும் முன்னே செல்ல வேண்டும். ஆகவே குண்டும் அவர்களையே முதலில் நாடும். சீனம், அபிசீனியா, எகிப்து, சூடான், பர்மா எனக் கடல் கடந்து சென்று இப்படையினர் பணி புரிந்தனர். கடல் கடந்தால் சாதி கெடும் என்று பிறர் தயங்கிய காலத்தில் நம்மவர் கப்பல் ஏறினர்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காற்று மாறியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், அதன்பின் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கிய ராபர்ட்ஸ் போன்றோர், வடமேற்கு இந்தியாவின் சில இனத்தாரே போர்க்குணம் உடையோர் என்ற கொள்கையைப் பரப்பினர். சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. சாதி வாரியாக ஆள் எடுக்கும் முறை வலுப்பெற்றது. பம்பாய் மாகாணத்தில் மகர் மக்களுக்கும் இதே கதவு அடைக்கப்பட்டது. படையிலிருந்து ஓய்வு பெற்றவரான கோபால் பாபா வலங்கர், 1894-இல் இதனை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். நம் நாட்டில் ஒடுக்கப்பட்டோர் எழுதிய தொடக்ககால உரிமை விண்ணப்பங்களுள் ஒன்றை ஒரு முன்னாள் படைவீரர் எழுதினார் என்பது நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

தமிழகத்தில் நம்மவர்க்கு எஞ்சியவை பொறிப்படையும் பயனியர் படையும் போன்ற சிலவே. 1903-இல் இந்தியப் படைப்பிரிவுகளுக்குப் புதிய வரிசை எண்கள் வழங்கப்பட்டபோது, சென்னைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு 60 கூட்டப்பட்டது. அதன்படி 1-ஆம் பிரிவு 61 ஆகவும், 4-ஆம் பிரிவு 64 ஆகவும், 21-ஆம் பிரிவு 81 ஆகவும் மாறின. இம்மூன்றும் பயனியர் பிரிவுகளே. 61-ஆம் பயனியர் பிரிவினர் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகப் போரில் ஈடுபடுத்தப்பட்டனர். 1922-இல் இப்பிரிவுகள் 'மெட்ராஸ் பயனியர்ஸ்' என்று ஒன்றாக்கப்பட்டன. 1933-இல் அப்படையே கலைக்கப்பட்டது. படை கலைந்தது, ஆனால் அதன் எண்ணை மனத்தில் சுமந்த மனிதர் ஊர் திரும்பி, மீண்டும் சேரியின் எல்லைக்குள் வாழ வேண்டியவரானார்.

சாதி அறியாத இலக்கம்

நம் பாட்டனார்கள் எண்ணை ஏன் இத்துணைப் பெருமையோடு போற்றினர் என்பதை இங்குதான் உணர்கிறோம். ஊரில் அவர்களுடைய பெயரை எவரும் முழுமையாக அழைத்ததில்லை. 'அடே' என்றும் 'ஏலே' என்றும் அழைத்தனர். பெயரின் பின்பாதியை வெட்டி அழைத்தனர். சாதியின் பெயராலேயே அழைத்தனர். அரசுப் பதிவேடுகளிலும் இழிவு நோக்கிலேயே நம் மக்கள் குறிக்கப்பட்டனர். எம்.சி. ராஜா அவர்கள் 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகவே, 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் அரசு ஆவணங்களில் இடம் பெற்றது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பனகல் பூங்கா அவர் பெயரைத் தாங்கியது. மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து நம் தியாகராய நகர் உருவாக்கப்பட்டதும் அதே காலத்தில்தான்.

அத்தகைய சூழலில் வாழ்ந்த ஒருவனுக்குப் படை ஓர் எண்ணைக் கொடுத்தது. அவனுக்கு முந்திய எண் ஒருவனுக்கும் பிந்திய எண் மற்றொருவனுக்கும் உரியவை. அவ்வரிசையில் மேலென்றும் கீழென்றும் இல்லை. முன்னே சேர்ந்தவன், பின்னே சேர்ந்தவன் என்ற வேறுபாடே உண்டு. அந்த எண்ணை எவரும் வெட்டிச் சிறுமைப்படுத்தி அழைக்க முடியாது.

எனினும், உள்ளதை உள்ளபடி சொல்லுதல் நம் கடமை. எண்ணுக்குச் சாதி இல்லை. ஆனால் அந்த எண் எழுதப்பட்ட பதிவேட்டில் சாதிக்கென ஒரு பத்தி இருந்தது. தந்தை பெயர், ஊர், உயரம், அங்க அடையாளம் ஆகியவற்றோடு சாதியும் குறிக்கப்பட்டது. எவரைச் சேர்ப்பது, எவரை விலக்குவது என்பதை அந்தப் பத்தியே முடிவு செய்தது. படை நமக்குச் செய்த நன்மையைப் போற்றும்போது, அது இழைத்த அநீதியை மறத்தல் ஆகாது.

நன்மைகளுள் தலையாயது கல்வி. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராகப் பணிபுரிந்தவர். படைப்பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். அண்ணல் 1891-இல் பிறந்ததும் மாவ் என்னும் படைநகரத்திலேயே. கோயிலும் பள்ளியும் கதவடைத்த காலத்தில், படைவீரரின் பிள்ளைக்குப் பலகையும் பாடநூலும் கிடைத்தன. கல்விச் சங்கம் நடத்தும் நாம் இவ்வுண்மையை மறக்கலாகாது. இழந்த உரிமையை மீட்கவும் அண்ணல் பாடுபட்டார். 1941-இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம் பெற்ற அவர் முயன்றதன் பயனாக, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் மகர் படைப்பிரிவு தோன்றியது.

எண்ணிக்கையாக ஆக்கப்பட்டோர்

எண் வேறு, எண்ணிக்கை வேறு. எண் ஒரு மனிதனைச் சுட்டுவது. எண்ணிக்கை மனிதனை மறைப்பது. இதற்கு ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னம் சான்றாக நிற்கிறது.

முதல் உலகப்போரில் மெசப்பொடேமியாவில் உயிர்நீத்து, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோர்க்காக 1929-இல் அது திறந்து வைக்கப்பட்டது. ஆங்கிலேய வீரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றும் அங்கே பொறிக்கப்பட்டன. இந்தியப் படைப்பிரிவுகளிலோ அதிகாரிகளின் பெயர்கள் மட்டும் பொறிக்கப்பட்டு, அவற்றின் கீழே 'மற்றும் இத்தனை இந்திய வீரர்கள்' என்று எண்ணிக்கை மட்டுமே தரப்பட்டது. இறந்தோர் அனைவரையும் பதவி, இனம், சமயம் என்ற வேறுபாடின்றிப் பெயர் சொல்லிப் போற்றுவோம் என்ற கொள்கையோடு 1917-இல் நிறுவப்பட்ட போர்க்கல்லறை ஆணையம் செய்த வேலை இது. 2021 ஏப்ரலில் அவ்வாணையமே வெளியிட்ட அறிக்கை இத்தவற்றை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 வரையிலான வீரர்கள், அவர்களுள் பெரும்பாலோர் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், மேலும் 1,16,000 பேரேனும் பெயரின்றியோ முற்றிலுமாகவோ விடுபட்டிருக்கலாம் என்றும் அது கூறியது.

கல்லில் இடம் பெறாத இந்திய வீரர் பலரின் பெயர்கள், ஆணையத்தின் பதிவேட்டுப் புத்தகங்களில் எண்ணோடும் தந்தை பெயரோடும் ஊரோடும் எழுதப்பட்டிருந்தன. அந்த எண் இருந்தமையால்தான் இன்று ஒரு பேரன் தன் பாட்டனாரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறது. பஞ்சாபில் போருக்குச் சென்ற சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் அடங்கிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் உறங்கின. அவை 2021 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வரத் தொடங்கியபின், பல குடும்பங்கள் தம் ஊர்ப்பெயரைக் கொண்டே முன்னோரைக் கண்டறிந்தன.

இளைஞர்கள் தொலைவில் செல்லவேண்டியதில்லை. நம் தியாகராய நகரிலிருந்து அண்ணா சாலை வழியே கிண்டியைக் கடந்து, பூந்தமல்லி செல்லும் சாலையில் திரும்பினால் நந்தம்பாக்கம் போர்க்கல்லறை வரும். 1952-இல் அமைக்கப்பட்ட அங்கு, இரண்டாம் உலகப்போரில் மாண்ட 850-க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கற்களைச் சற்று நின்று படியுங்கள். மேலே எண்ணும், அடுத்துப் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். நம் முதியோர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்வதும் அதே வரிசையில்தான்.

நாம் செய்யவேண்டியது

1944 பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலியில் கண்ணிவெடியின்மீது தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து உயிர்நீத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் கிராஸ் விருது பெற்றார். அவரை வரலாறு அறியும். ஆனால் பாலம் கட்டியவர், சமையல் செய்தவர், பதினைந்து ஆண்டுகள் பணி புரிந்து அமைதியாக ஊர் திரும்பியவர் ஆகியோரை நாம் எழுதாவிடில் எவர் எழுதுவார்?

ஆகவே நம் சங்கத்து இளைஞர்களை ஒன்று வேண்டுகிறோம். உங்கள் இல்லத்தில், தெருவில், சொந்த ஊரில் உள்ள படைவீரர் ஒவ்வொருவரிடமும் சென்று அமருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் முதலில் எண்ணை எழுதுங்கள். பின்னர் பதவி, பெயர், தந்தை பெயர், தாய் பெயர், ஊர், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பணியாற்றிய இடங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் ஆணையும் இருந்தால் படி எடுத்து வையுங்கள். பெங்களூரிலுள்ள பொறிப்படை ஆவண அலுவலகத்திற்கோ, வெலிங்டனிலுள்ள சென்னைப் படைப்பிரிவு ஆவண அலுவலகத்திற்கோ எழுதும் மடலில் எண்ணைக் குறித்தால், உரிய கோப்பைத் தேடுவது எளிதாகும். கணவரை இழந்த தாய்மார்கள் பலர், அந்த ஒரு வரி தெரியாமல் ஓய்வூதியத்திற்காக அலைந்ததை நாம் கண்டிருக்கிறோம். எழுதி வைத்த எண் வரலாற்றுக்கும் உதவும். அடுப்பில் உலை ஏறவும் உதவும்.

முதியோரைச் சந்தித்து விடைபெற்ற அன்று, அவர்களுள் ஒருவர் எம்மிடம், "தம்பி, எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்" என்றார். படித்தோம். நான்காம் இலக்கத்தை நாம் தவறாக எழுதியிருந்தோம். அவர் திருத்தினார். மீண்டும் படிக்கச் சொல்லிக் கேட்டபின் தலையசைத்தார். அந்தத் திருத்தத்தைச் செய்ய அவர் இருக்கும்போதே நாம் சென்றோம். மற்றவரிடமும் காலம் தாழ்த்தாது செல்வோம்.