காசில்லாப் பெடியளின் கார்: ஹச்சி-ரொக்குவின் வரலாறு

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது பெரியம்மாவின் மகன் தன்ர போனை என்னிடம் நீட்டினார். ஒரு விளம்பரம். இரண்டு கதவுள்ள, சிவப்பு நிறப் பழைய ஜப்பான் கார். நீளமான பொன்னற், சரிந்து இறங்கும் பின்கண்ணாடி. கீழே "ஸ்போர்ட்ஸ் மொடல், மூன்றாவது ஓனர்" என்று எழுதியிருந்தது. விலை, அண்ணா நாலு வருசமாச் சேர்த்த காசும் கொஞ்ச லீசிங்கும்.

"நீ வரலாறு தானே படிக்கிறாய். இந்தக் காரின்ர வரலாற்றைக் கொஞ்சம் பாத்துச் சொல்லன்."

அவர் பகிடிக்குத்தான் கேட்டவர். நான் அதைக் கொஞ்சம் சீரியஸாவே எடுத்திட்டன். பாவித்த கார் ஒன்றை வாங்கும்போது நாங்கள் எல்லோரும் ஒரு வரலாற்றுக் கேள்வியைத்தான் கேட்கிறோம்: இது எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது, என்ன பட்டது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், உலகத்திலேயே பேர்பெற்ற ஒரு பழைய இரண்டு கதவுக் காரின் கதையில் வந்து நின்றேன். அனிமே பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்த கார்தான். வெள்ளையும் கறுப்பும் பூசிய டொயோட்டா ஏஈ86. ஜப்பான்காரர் அதை "ஹச்சி-ரொக்கு" என்பார்கள். எட்டு-ஆறு என்றுதான் அர்த்தம்.

பிறக்கும்போதே பழசு

1983 இல் டொயோட்டா ஐந்தாம் தலைமுறைக் கொரோலாவை வெளியிட்டது. அந்தக் காலம் கார் உலகம் முழுக்க ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம். 1973 இலும் 1979 இலும் வந்த எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு, சின்னக் கார்களை முன்சக்கர இழுவைக்கு மாற்றத் தொடங்கினார்கள். எஞ்சின் சுற்றும் பலம் முன் ரயர்களுக்கே போனால், பின்னுக்குப் போகும் நீண்ட தண்டு தேவையில்லை. உள்ளே இடம் கூடும், பாரம் குறையும், பெற்றோலும் மிச்சம். புதிய கொரோலாவின் நாலு கதவுக் கார் அப்படித்தான் மாறியது.

ஆனால் அதே குடும்பத்தின் இரண்டு கதவுக் கார்கள் மாறவில்லை. அவற்றுக்குப் புது அடித்தளம் செய்வதை விட்டு, முந்திய தலைமுறையின் பின்சக்கர இழுவை அடித்தளத்தையே டொயோட்டா தொடர்ந்து பயன்படுத்தியது. ஆக, ஷோரூமுக்கு வந்த முதல் நாளே அடித்தளத்தில் அது ஒரு பழைய கார். பின் அச்சும் பழைய மாதிரியான ஒரே கட்டையான அச்சுத்தான்.

இரண்டு பெயரில் விற்றார்கள். முன்விளக்கு நிலையாக இருப்பது கொரோலா லெவின். விளக்கு மேலே எழும்பி வருவது ஸ்ப்ரின்டர் ட்ருவெனோ. லெவின் என்பது பழைய ஆங்கிலத்தில் மின்னல், ட்ருவெனோ என்பது ஸ்பானிய மொழியில் இடி. 1972 முதலே டொயோட்டா இந்த இரண்டு பெயரையும் வேகமான சின்னக் கார்களுக்கு வைத்து வந்தது.

பழைய உடலுக்குள் புதிதாக இருந்தது எஞ்சின். 4ஏ-ஜிஈ என்ற 1587 சி.சி. எஞ்சின், நாலு சிலிண்டருக்கு பதினாறு வால்வு. ஜப்பான் கணக்கில் 130 குதிரைவலு. காரின் பாரம் ஒரு தொன்னுக்கும் குறைவு. பாரம் குறைந்த உடல், விசிலடிச்சுக்கொண்டு சுற்றும் எஞ்சின், பின்னாலிருந்து தள்ளும் சக்கரம். இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததில் திட்டமும் இருந்தது, சிக்கனமும் இருந்தது.

பெரிய காசுக் காலத்தில் சின்னக் காசுப் பெடியள்

1985 இன் பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு யென்னின் பெறுமதி வேகமாக ஏறியது. 1980களின் கடைசியில் ஜப்பானில் காணி விலையும் பங்கு விலையும் ஊதிப் பெருத்தன. அந்தக் "குமிழிக் காலத்தில்" காசுள்ள பெடியள் காதலியைக் கூட்டிக்கொண்டு போகப் புதிய கார் வாங்கினார்கள். அதற்கு "டேட் கார்" என்றே பெயர் இருந்தது. ஹொண்டா ப்ரெலூட், 1988 இல் வந்த நிசான் சில்வியா எல்லாம் அந்த வகை.

அதே நேரம் 1987 இல் ஏஈ86 இன் உற்பத்தி நின்றது. அடுத்து வந்த லெவினும் ட்ருவெனோவும் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டன. ஹச்சி-ரொக்கு இப்போது எல்லா வகையிலும் பழைய மொடல்.

இதோடு ஜப்பானின் வாகனப் பரிசோதனை முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஷக்கென்" என்பார்கள். புதுக் காருக்கு மூன்று வருசத்தில் முதற் பரிசோதனை, பிறகு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா. அதற்குச் செலவு அதிகம். அந்தத் தவணை நெருங்கும்போது பலர் திருத்திக்கொண்டிருக்காமல் காரைத் தள்ளிவிடுவார்கள். 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதற்குப் பிறகு எங்கட நாட்டு றோட்டெல்லாம் ஜப்பான் "ரீகண்டிஷன்" கார்கள் நிறைந்ததற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. அவர்களும் இடப்பக்கம்தான் ஓடுவார்கள். அங்கே தள்ளிவிட்டது இங்கே கனவானது.

ஜப்பானுக்குள்ளேயே அப்படித் தள்ளிவிடப்பட்டவற்றை வாங்கியவர்கள் யார்? இப்பதான் லைசென்ஸ் எடுத்த, பகுதிநேர வேலை செய்யிற பெடியள். அவர்களுக்குப் பின்சக்கர இழுவை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கைக்கு எட்டின விலையில் கிடைத்த ஸ்போர்ட்ஸ் கார் அதுதான். கொரோலாவின் உறவு என்பதால் பாகங்கள் மலிவு. பொன்னற்றைத் திறந்தால் கை போக இடம் இருக்கும். தாங்களே கழற்றித் தாங்களே பூட்டலாம்.

மலைப்பாதை

ஜப்பானிய மொழியில் மலைக்கணவாய்ப் பாதைக்குத் "தோகெ" என்று பெயர். இரவில் இந்தப் பெடியள் கூடியது அங்கேதான். நேர்றோட்டில் குதிரைவலு கூடின கார்தான் வெல்லும். வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் பாரம் குறைந்த காருக்கும் சந்தர்ப்பம் உண்டு. பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, காரைப் பக்கவாட்டாகச் சரித்து வளைவைக் கடக்கும் முறைதான் "ட்ரிஃப்ட்". 1970களிலேயே குனிமிட்சு தகஹாஷி என்ற ஓட்ட வீரர் பந்தயத் திடலில் இதைச் செய்து காட்டியிருந்தார். அவரைப் பார்த்து வளர்ந்த கெயிச்சி சுச்சியா மலைப்பாதைகளில் பழகி, ஏஈ86 ஐக் கையிலெடுத்தார். 1987 இல் வெளிவந்த "ப்ளஸ்பீ" என்ற வீடியோ அவருடைய மலை ஓட்டத்தை நாடு முழுக்கப் பெடியளுக்குக் காட்டியது. "ட்ரிஃப்ட் கிங்" என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. 2006 இல் வந்த "டோக்கியோ ட்ரிஃப்ட்" படத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்து கருத்துச் சொல்லும் மனுசன் அவர்தான்.

டொயோட்டா காரைச் செய்தது. ஆனால் அதற்கு அர்த்தத்தைக் கொடுத்தவர்கள் இரண்டாம் கை, மூன்றாம் கைச் சொந்தக்காரர்கள். கம்பனியின் வரலாற்றை மட்டும் எழுதினால் ஹச்சி-ரொக்கு 1987 இல் முடிந்துபோகும். பாவித்தவர்களின் வரலாற்றை எழுதினால் அது 1987 இல்தான் தொடங்குகிறது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறைச்சு எழுத ஏலாது. அவை பொது றோட்டுகள். எதிரே வந்தவனுக்கு இந்த விளையாட்டில் பங்கில்லை. விபத்துகள் நடந்தன, பொலிஸ் வந்தது, பல மலைப்பாதைகளின் வளைவுகளில் வேகத்தை உடைக்கத் தரையில் மேடுகள் போட்டார்கள். 2001 இல் தொடங்கிய "டி1" ட்ரிஃப்ட் போட்டித் தொடர் இந்தக் கலையைத் திடலுக்குள் கொண்டுபோனது. எங்கட சந்தியிலயும் இருபது வயசுப் பெடியளின்ர கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டின நாட்கள் எனக்குத் தெரியும். அதனால இந்தப் பகுதியை வீரகதையா எழுத மனம் வரேல்லை.

தோஃபுக் கடைக் கார்

1995 இல் ஷூயிச்சி ஷிகெனோ "இனிஷியல் டி" என்ற மங்காவை எழுதத் தொடங்கினார். 2013 வரை அது ஓடியது. 1998 இல் அனிமேயாகவும் வந்தது. குன்மா மாகாணத்தில் ஒரு தோஃபுக் கடைக்காரரின் மகன் தகுமி. விடியப்புறம் தகப்பனின் பழைய ட்ருவெனோவில் மலைமேலுள்ள விடுதிக்குத் தோஃபு கொண்டுபோகிறான். கதையில் அந்த மலைக்கு அகினா என்று பெயர், உண்மையில் அது ஹருணா மலை. ஊரிலேயே சிறந்த மலை ஓட்டக்காரன் தான் என்பது அவனுக்கே தெரியாது. தான் ஓட்டுவதுதான் பேர்போன "எட்டு-ஆறு" என்பதும் தெரியாது.

எல்லோரும் தகுமியைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அவனுடைய கூட்டாளி இட்சுகி. இருவரும் ஒரே பெற்றோல் செட்டில் வேலை செய்கிறார்கள். இட்சுகியின் ஒரே கனவு ஒரு ஹச்சி-ரொக்கு. காசு சேர்த்து, பாவித்த லெவின் ஒன்றை வாங்கிச் சந்தோசமாகக் கொண்டுவருகிறான். பொன்னற்றைத் திறந்தால் அது 86 இல்லை, 85. அதே உடல், அதே தோற்றம். உள்ளே இருப்பது 1452 சி.சி. சாதாரண எஞ்சின். கூட்டாளிமார் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பிறகு ஒருநாள் அந்த 85 ஐக் கேலி செய்தவர்களைத் தகுமி அதே காரில் துரத்திப் பிடிக்கிறான்.

முதல் கார் வாங்கும் ஒருவனின் ஆசை, அவசரம், வெட்கம், பிறகு அந்தக் காரோடேயே வரும் பாசம் எல்லாம் இட்சுகியில்தான் இருக்கிறது.

கதைக்கு ஏறின விலை

மங்கா தொடங்கியபோது அந்தக் கார்களுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயது. பழைய இரும்புக்குப் போக வேண்டிய வயது. கதை வந்தது, விலை திரும்பியது. இன்று நல்ல நிலையிலுள்ள ஒரு ஏஈ86 இன் விலை, அது புதிதாக விற்ற விலையைவிடக் கூட. 2012 இல் டொயோட்டாவே பழைய புகழை நினைத்துப் புதுக் காருக்கு "86" என்று பெயர் வைத்தது. 2021 இல் பழைய காருக்கு நின்றுபோன சில பாகங்களைத் திரும்பச் செய்வதாக அறிவித்தது. 2023 ஜனவரியில், ஐதரசனில் ஓடும் ஒரு ட்ருவெனோவையும் மின்சாரத்தில் ஓடும் ஒரு லெவினையும் டோக்கியோவுக்கு அருகிலுள்ள சிபாவில் காட்சிக்கு வைத்தது.

மலிவாக இருந்ததால்தான் அந்தப் பெடியள் வாங்கினார்கள். அவர்கள் வாங்கியதால்தான் அது புகழ்பெற்றது. புகழ்பெற்றதால் இன்று அவர்களைப் போன்ற ஒரு பெடியனால் அதை வாங்க ஏலாது. யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் இல்லை இது. ஆனாலும் ஒரு பொருளின் வரலாற்றை உண்டாக்கினவர்களுக்கும் அந்த வரலாற்றின் விலையை வாங்குகிறவர்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நான் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறேன். பழைய நாற்சார் வீடுகளின் கதவு, தூண், பெட்டகம் எல்லாம் எங்கே போய் அலங்காரமாக நிற்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கட நாட்டில் இது இன்னும் கூர்மை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் பெரிய வரியோடு. அந்த ஐந்து வருசமும் நாட்டுக்குள் இருந்த பழைய கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. என்னைவிட வயது கூடின ஒரு காருக்காக அண்ணா நாலு வருசம் காசு சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

சிவப்புக் கார்

கடைசியில் காரைப் பார்க்கப் போனோம். கூட வந்த கராச்காரர் பெயின்ரைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை. நேரே பொன்னற்றைத் திறந்து, தகட்டிலிருந்த மொடல் இலக்கத்தை விரலால் துடைத்து வாசித்தார். பிறகு கேட்டார், "தம்பி, ஸ்போர்ட்ஸ் எண்டு ஆர் சொன்னது?"

பின்னாலிருந்த ஸ்போர்ட்ஸ் முத்திரை ஆரோ பிறகு ஒட்டினது. எஞ்சின் அந்த மொடலிலேயே சின்னது. விற்கிறவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவரும் அப்படி நம்பித்தான் வாங்கியிருந்தார். மூன்று சொந்தக்காரரில் முதலாமவரோ இரண்டாமவரோ ஆசையில் ஒட்டின ஒரு முத்திரை, இப்போது விலையாக நின்றது.

அண்ணா விலையைக் குறைக்கச் சொன்னார். அவர் மறுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணா ஒன்றும் கதைக்கேல்லை. சந்தியில தேத்தண்ணி குடிக்கேக்கதான் கேட்டார், "டேய், அந்தக் கதையில வாற பெடியன், 85 எண்டு தெரிஞ்ச பிறகு அந்தக் காரை வித்தவனோ?"

"இல்லை அண்ணா. வச்சிருந்து ஓடினவன்."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப சின்ன எஞ்சின் எண்டது பிரச்சினை இல்லை. சின்ன எஞ்சினுக்குப் பெரிய எஞ்சின்ர காசு கேக்கிறதுதான் பிரச்சினை."

இரண்டு கிழமைக்குப் பிறகு, அந்தக் காரைக் கேட்ட விலைக்கே வேறு ஒருவர் வாங்கிக்கொண்டு போனதாக அறிந்தோம். அண்ணா இன்னும் தேடுகிறார். இப்போது விளம்பரம் ஏதும் கண்டால், படத்துக்கு முன்னம் மொடல் இலக்கத்தைத்தான் கேட்டு எழுதுகிறார்.