கம்பி பிரேக்கிலிருந்து எண்ணெய் பிரேக் வரை

‘சைக்கிள் நகரம்’ என்று புனே பெயர் வாங்கிய காலத்தில் ஓடியவை பெரும்பாலும் கம்பி பிரேக் வண்டிகள். பிடியை இழுத்தால் கம்பிகள் ரப்பர் கட்டையை ரிம்மில் அழுத்தும். மழையில் ரிம் நனைந்தால் பிடிப்பு குறையும். அடுத்துக் கேபிள் பிரேக் பரவியது.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கு மால்கம் லாக்ஹீட் 1917-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கார்களில் நிலைபெற்ற அந்த முறை, 1990-களில் மலைச் சைக்கிள்களின் டிஸ்க் பிரேக்காகப் பரவத் தொடங்கியது. சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்குக்கு 2018-இல் முழு அனுமதி கிடைத்தது.

எண்ணெய் அழுந்தாது, காற்று அழுந்தும். பிரேக் குழாயில் காற்றுக்குமிழி புகுந்தால், கையால் அழுத்தும் லீவர் மெத்தென்று உள்ளே போகும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் சிரிஞ்சைப் பொருத்திப் புது எண்ணெயை மேல்நோக்கிச் செலுத்தினால் குமிழிகள் லீவர் வழியே வெளியேறும். ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குக்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அதில் டாட் (DOT) வகை பிரேக் திரவம் ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெடும். கடைசியாகக் காலிப்பர் போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடி இறுக்கினால், டிஸ்க் இரு பேடுகளுக்கும் நடுவே உரசாமல் சுழலும்.